நடுங்கும் கரத்திலும் தீர்த்தம் தங்கும்

காலைப் பூஜை முடிந்து கற்பூர ஆரத்தி காட்டப்படுகிறது. அர்ச்சகர் தீர்த்தப் பாத்திரத்துடன் வரிசையாக வருகிறார். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் முதியவர் ஒருவர் வலக்கையை நீட்டுகிறார். கை நடுங்குகிறது. உத்தரணியிலிருந்து விழுந்த தீர்த்தத்தில் பாதி தரையில் சிந்துகிறது. பின்னால் நிற்பவர், "பார்த்து வாங்கக் கூடாதா?" என்கிறார். முதியவர் மறுமொழி கூறவில்லை. அவருடைய முகத்தில் வருத்தமோ கோபமோ தெரியவில்லை. மறுவாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

எந்த ஊர்க் கோயிலிலும் நிகழக்கூடிய காட்சி இது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் தவறாமல் சந்நிதிக்கு வந்தவர் ஒருநாள் வராமல் நின்றுவிட்டால், முதுமை என்று சொல்லி ஊர் அமைதி அடைந்துவிடுகிறது. பல வேளைகளில் அதன் காரணம் பார்க்கின்சன் என்னும் நோய். இன்னும் உண்மையைச் சொன்னால், அந்த நோயால் நேரும் கூச்சம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-இல் உலகெங்கும் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். இதனை வேரோடு நீக்கும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. எனினும் நல்ல சிகிச்சையும் அறிந்த பராமரிப்பும் அமைந்தால், நோயுற்றவர் பல்லாண்டுகள் தம் காரியங்களையும் தம் வழிபாட்டையும் தாமே நடத்திக்கொள்ள இயலும். அந்தப் பராமரிப்பில் இல்லத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. கோயிலுக்கும் பங்கு உண்டு.

நோயின் இயல்பு

லண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டு, நடுக்கவாதம் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். ஆறே நோயாளிகளின் நிலையைக் கூர்ந்து நோக்கி எழுதப்பட்டது அது. அவர்களுள் சிலர் அவர் தெருவில் கண்டவர்கள். பின்னாளில் பிரான்சின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, அவர் பெயரையே இந்நோய்க்கு இட்டார். பார்க்கின்சன் பிறந்த ஏப்ரல் 11 இன்று உலகப் பார்க்கின்சன் நாளாக அனுசரிக்கப்படுகிறது.

மூளையின் நடுப்பகுதியில் கரிய நிறம் கொண்ட சிறு திரள் ஒன்று உள்ளது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கின்றன. உடலின் அசைவுகள் தடையின்றி நிகழ அது இன்றியமையாதது. அந்த அணுக்கள் சிறிது சிறிதாக அழியும்போது அசைவு மந்தமாகிறது, தசை இறுகுகிறது, கை நடுங்குகிறது. வெளிப்படையான அறிகுறிகள் தோன்றும் முன்பே அவ்வணுக்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டிருக்கும்.

எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் ஆகாது. இந்நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது மிகும். ஒரு பக்கத்தில் தொடங்கும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஜபமாலை உருட்டுவதுபோல் அசைந்துகொண்டிருக்கும். பலர் பார்க்கிறார்கள் என்ற பதற்றம் அதனை இன்னும் கூட்டும். நடுக்கமே இல்லாமல் இந்நோய் வருவதும் உண்டு. நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருத்தல், கையெழுத்து வரவரச் சிறுத்துப்போதல், குரல் தாழ்தல் ஆகியன தொடக்க அடையாளங்கள். மலரின் மணமோ காப்பியின் மணமோ தெரியாமற்போதல், நீங்காத மலச்சிக்கல், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை உதறிக் கூவுதல் ஆகியவை பல ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றக்கூடும். இவற்றில் சில சேர்ந்து காணப்படின் நரம்பியல் மருத்துவரை அணுகுவது நலம்.

முகத் தசைகளும் இறுகுவதால் உணர்ச்சி முகத்தில் தெரிவதில்லை. பேரக்குழந்தை ஓடிவந்தாலும் தாத்தா சிரிக்கவில்லை என்று வீட்டார் வருந்துவர். "மரியாதைக்குக்கூட ஒரு புன்னகை இல்லை" என்று உறவினர் குறைகூறுவர். உள்ளே மகிழ்ச்சி இருக்கிறது. அதனை வெளியே கொண்டுவரும் தசைதான் ஒத்துழைக்கவில்லை. இதனை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்துகொள்வதே பராமரிப்பின் முதற்படி.

மாத்திரைக்கும் முகூர்த்தம் உண்டு

இந்நோய்க்கு முதன்மையான மருந்து லெவோடோபா. மூளைக்குள் சென்று டோபமினாக மாறுவது அது. நமது வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் இப்பொருள் இயற்கையாகவே உள்ளது. அதனை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னையில் பணியாற்றிய தாமோதரன், ராமசாமி என்னும் இரு ஆய்வாளர்கள். மேலைநாட்டில் அது பார்க்கின்சன் மருந்தாக நிலைபெற்றது 1960-களில்தான். ஆயினும் பூனைக்காலிச் சூரணத்தைத் தாமாக வாங்கி மாத்திரையுடன் சேர்த்து உண்பது ஆபத்து. மருந்தின் அளவு கட்டுமீறிப் போகும். எதனை உட்கொண்டாலும் மருத்துவரிடம் சொல்லியே உட்கொள்ள வேண்டும்.

இம்மருந்தைப் பொறுத்தவரை அளவைப் போலவே நேரமும் முக்கியம். எட்டு மணி மாத்திரை ஒன்பதரைக்குப் போனால், அந்த ஒன்றரை மணி நேரம் உடல் மரம்போல் இறுகிவிடலாம். பிரிட்டனில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கான அமைப்பு, மருத்துவமனைகளில் மாத்திரை உரிய நேரத்தில் தரப்படவேண்டும் என்பதற்காகவே தனி இயக்கம் நடத்திவருகிறது.

பக்தி மிகுந்த இல்லங்களில் இங்கேதான் இடர் நேர்கிறது. நீராடிப் பூஜை முடியும்வரை பல்லில் தண்ணீர் படக்கூடாது என்னும் நியமம் உடையவர் பலர். ஏகாதசியன்று நிர்ஜலமாக இருப்போரும் உண்டு. சிராத்த நாளில் பிற்பகல்வரை காத்திருப்பவர்களும் உண்டு. நல்ல உடல்நிலையில் இவை போற்றத்தக்க நியமங்கள். லெவோடோபா உட்கொள்பவர் வேளையைத் தவறவிட்டால் அன்று கீழே விழவும் நேரலாம். திடீரென முற்றிலும் நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் ஏற்பட்டு உயிருக்கே ஊறு விளையும்.

விரதத்தைக் குலைக்காதவை என்று சாஸ்திரம் எட்டுப் பொருள்களை எண்ணிச் சொல்கிறது. அவற்றுள் நீர் ஒன்று, ஔஷதம் ஒன்று. ஆகவே ஒரு வாய் நீருடன் மாத்திரையை விழுங்கியவரின் ஏகாதசி பங்கப்படுவதில்லை. குருவின் வாக்கும் அந்த எட்டில் அடங்கும். மனம் இன்னும் ஒப்பவில்லையெனில், குடும்பப் பெரியவரோ ஆசாரியரோ ஒரு வார்த்தை சொன்னால் முதியவர் நிம்மதியாக ஏற்பார்.

வேறொரு நுட்பமும் உண்டு. பால், தயிர், பருப்பு, சுண்டல் போன்ற புரதம் மிகுந்த உணவுடன் சேரும்போது இம்மருந்து உடலில் ஏறுவது சிலருக்குத் தடைப்படும். உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் கூறுவது இதனால்தான். புரதத்தை அறவே விலக்குவதும் தவறு, உடல் மெலிந்துபோகும். கோயில் சுண்டலைச் சிறிது நேரம் கழித்து உண்ணலாம், பிரசாதம் காத்திருக்கும்.

வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைட் போன்ற சில மருந்துகளும், மனநோய்க்குரிய சில மருந்துகளும் டோபமினைத் தடுத்து இந்நோயை மிகுவிக்கும். வேறெந்த நோய்க்காக மருத்துவமனைக்குச் சென்றாலும் பார்க்கின்சன் இருப்பதையும் மாத்திரை நேரங்களையும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

சில நோயாளிகளுக்கு இல்லாத ஆட்கள் தெரிவதுண்டு. மூலையில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்பார். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்பார். உடனே காற்று, கருப்பு என்று அஞ்சி மந்திரிக்க அழைத்துச் செல்லும் இல்லங்கள் இன்றும் உள்ளன. நோயும் மருந்தும் சேர்ந்து மூளையில் தோற்றுவிக்கும் காட்சிகள் அவை. மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவை மாற்றித் தருவார். வேறு சில மாத்திரைகளால் சூதாட்ட நாட்டமும் அளவற்ற செலவும் தலைகாட்டுவதுண்டு. அதனை ஒழுக்கக்கேடு என்று எண்ணி முதியவரைக் கடிந்துகொள்ளலாகாது.

நடையும் நாமமும்

நடந்துகொண்டிருப்பவர் திடீரென நின்றுவிடுவார். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் ஆகும். குறுகிய வாயில், நெரிசல், திரும்புமிடம் ஆகியவற்றில் இது மிகுதியாக நேரும். கோயிலில் இம்மூன்றும் உண்டு.

அப்போது கையைப் பிடித்து இழுத்தால் அவர் முன்னால் விழுவார். "சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினாலும் கால் நகராது. அவரை நிற்கவிட்டு, மூச்சை ஒருமுறை நன்கு இழுக்கச் சொல்லி, பின் தாளத்துடன் எண்ணவேண்டும். எண்ணிக்கைக்குப் பதிலாக "ராமா, ராமா" என்றோ "சிவ, சிவ" என்றோ சொல்லலாம். ஒரு நாமத்துக்கு ஓர் அடி. உறைந்த கால் தாளத்துக்கு இசைவது மருத்துவர்கள் கண்ட உண்மை. தரையில் ஒரு கோடு இருந்து, அதனைத் தாண்டும்படி சொன்னாலும் கால் எழும். சமதரையில் தடுமாறுபவர் படிக்கட்டில் எளிதாக ஏறுவது இதன் பொருட்டே. கோடு இல்லாத இடத்தில் அவருடைய கைத்தடியையே குறுக்கே வைத்துத் தாண்டச் சொல்லலாம்.

நின்ற இடத்திலேயே சுற்றும் ஆத்மப் பிரதட்சிணம் இவர்களுக்குப் பெரிதும் ஆபத்தானது. அதனை விடுத்துக் கைகூப்பி மனத்தால் வலம்வரலாம். பிராகாரத்தை வலம்வரும்போதும் மூலையில் சட்டெனத் திரும்பாமல் அகன்ற வளைவாகத் திரும்பவேண்டும். இரு கைகளிலும் அர்ச்சனைத் தட்டை ஏந்தி நடப்பதும், நடந்துகொண்டே பேசுவதும் வேண்டாம். தட்டை உடன்வருபவர் எடுத்துக்கொள்ளட்டும்.

சாஷ்டாங்கமாக விழுந்து உடனே எழுந்தால் இரத்த அழுத்தம் சட்டெனக் குறைந்து மயக்கம் வரும். நின்றபடியே அஞ்சலி செய்தால் போதும். அண்ணாந்து நீர் குடிக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். விழுங்குதல் தளர்ந்தவர் தலையைப் பின்னால் சாய்த்துக் குடித்தால் புரையேறி நுரையீரலுக்குள் நீர் போகும். நிமிர்ந்து உட்கார்ந்து, தம்ளரில் சிறுசிறு மடக்காக அருந்துவதே பாதுகாப்பு.

குரல் தாழ்வதற்கு நல்ல பயிற்சி உரக்கப் பேசிப் பழகுவது. இதற்கெனப் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பாராயணப் பழக்கம் உள்ளவர் முணுமுணுப்பாகச் சொல்லிவந்த ஸ்தோத்திரத்தை, அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கும்படி நாள்தோறும் சொல்லலாம். வாத நோயால் வருந்திய நாராயண பட்டத்ரி, குருவாயூரப்பன் சந்நிதியில் நாளுக்கு ஒரு தசகமாக நூறு நாளில் நாராயணீயத்தைப் பாடி முடித்ததாகக் கர்ணபரம்பரைச் செய்தி. ஒருநாளில் இயன்ற அளவு, ஆனால் ஒருநாளும் விடாமல் என்னும் அந்த முறை உடற்பயிற்சிக்கும் பொருந்தும். நடை, கைகால் நீட்டல், உட்கார்ந்து எழுதல் ஆகியவற்றை மருந்து நன்கு வேலைசெய்யும் வேளையில் நாள்தோறும் செய்துவந்தால் உடலின் இறுக்கம் தளரும்.

கோயில்கள் செய்யத்தக்கவை

பழனியில் விஞ்சும் ரோப்காரும் ஓடுகின்றன. 1305 படிகள் கொண்ட சோளிங்கர் மலைக்கும் இப்போது ரோப்கார் வந்துவிட்டது. திருமலையில் 65 வயது நிறைந்தவர்களுக்கெனத் தனித் தரிசனம் உண்டு. பெரிய தலங்களில் இவ்வளவு நடந்திருக்கச் சிறிய கோயில்களில் செய்யக்கூடியவையும் பல உண்டு. அவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

சந்நிதிக்கு எதிரே கைப்பிடியுள்ள நாற்காலி இரண்டு; படியோரம் ஒரு கைப்பிடிக் கம்பி; உயர்ந்த நிலைப்படியின் விளிம்பில் பளிச்சென்று தெரியும் மஞ்சள் கோடு; அபிஷேக நீர் தேங்காத தரை. இவ்வளவே தேவை. கூட்டம் மிகும் பிரதோஷத்திலும் சனிக்கிழமையிலும் முதியோரை முன்னதாக அனுமதிக்கலாம். நடுங்கும் கையைக் கண்டால் அர்ச்சகர் ஒரு விநாடி நின்று, தம் இடக்கையால் அக்கையைத் தாங்கியோ, உடன்வந்தவரைத் தாங்கச் சொல்லியோ தீர்த்தம் சாதிக்கலாம். அந்த ஒரு விநாடி, அம்முதியவரை மறுவாரமும் வரவழைக்கும்.

தோளைப் பற்றிக்கொண்டு வருவதில் முதியோர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஸ்ரீராமானுஜர் முதிர்ந்த பருவத்தில் காவிரி நீராட்டத்திலிருந்து திரும்பும்போது உறங்காவில்லி தாசரின் தோளில் கைவைத்தே வருவார் என்று குருபரம்பரை கூறும்.

கையெழுத்தும் காகிதங்களும்

கையெழுத்துச் சிறுத்துப்போனால் காசோலை திரும்பி வரும். மானம் மிகுந்த முதியவரை இது வெகுவாகப் புண்படுத்தும். இதற்கு வழி உண்டு. நோயின் காரணத்தை வங்கியில் எழுதிக் கொடுத்துப் புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவுசெய்யலாம். கையெழுத்தே இயலாதபோது பெருவிரல் ரேகையை ஏற்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இடமளிக்கிறது. வங்கி அறிந்த இரு சாட்சிகள் அதனை அடையாளம் காட்டவேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்கவேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் வீட்டிற்கே வந்து அடிப்படைச் சேவைகள் அளிக்கவேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. ஓய்வூதியர்க்குரிய உயிர்வாழ்ச் சான்றைத் தபால்காரர் வழியாக வீட்டிலிருந்தே மின்னணு முறையில் அளிக்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் நாட்பட்ட நரம்பியல் நிலைகளும் அடங்கும். அவற்றுள் பார்க்கின்சன் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளது. பாதிப்பு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று அரசு மருத்துவக் குழு சான்றளித்தால் அடையாள அட்டை பெறலாம். வருமான வரியில் சலுகையும் உண்டு. கூட்டுக் கணக்கு, நியமனதாரர், உயில் முதலியவற்றை மனம் தெளிவாக இருக்கும் காலத்திலேயே முடித்துவிட வேண்டும். அவற்றை முதியவரிடம் மறைத்துச் செய்யாமல் அவரை உடன் அமர்த்திச் செய்வதே முறை.

பராமரிப்போர்க்கும் ஒரு துணை

நோயுற்றவரைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. அவருக்குப் பொத்தான் மாட்டிவிட்டு, இரவில் மூன்றுமுறை எழுந்து புரட்டிப் படுக்கவைத்து, மாத்திரை நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் மனைவியின் வயதும் எழுபதைத் தாண்டியிருக்கும். அவருடைய முழங்கால் வலியை யாரும் விசாரிப்பதில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில், "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதோடு நில்லாமல், "அம்மா, நீ எப்படி இருக்கிறாய்?" என்றும் கேட்கவேண்டும். வாரத்தில் ஒரு மாலை உறவினரோ அண்டைவீட்டாரோ வந்து அமர்ந்துகொண்டால், அந்த அம்மையார் தாமும் கோயிலுக்குப் போய்வரலாம். திருப்பணி நிதிக்குக் கொடுப்பதைப்போல் இத்தகைய இரண்டு மணி நேரத்தைக் கொடுப்பதும் கைங்கர்யமே.

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு 2001 முதல் இயங்கும் பார்க்கின்சன் நோய் மற்றும் அசைவுக் கோளாறுகள் சங்கம், நோயாளிகளையும் பராமரிப்போரையும் ஒன்றுசேர்த்துப் பயிற்சிக் கூட்டங்களைப் பல நகரங்களில் நடத்திவருகிறது. அதே துன்பத்தை அறிந்த இன்னொருவரோடு அரைமணி நேரம் பேசுவதில் கிடைக்கும் ஆறுதல் வேறெதிலும் கிடைப்பதில்லை. கோயில் மண்டபங்களிலும் மாதம் ஒருமுறை இத்தகைய கூடல் நடந்தால், ஊரிலுள்ள நான்கைந்து குடும்பங்களாவது ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

"இவரை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகமுடியவில்லையே" என்று ஏங்கும் பராமரிப்போர் பலர். அவர்களுக்குப் பண்டரிபுரத்தில் விடை இருக்கிறது. பெற்றோரின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த புண்டலீகனைக் காண இறைவனே வாசலுக்கு வந்தான். புண்டலீகன் பணிவிடையை விட்டு எழவில்லை. ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு, அதன்மேல் சற்று நிற்கும்படி வேண்டிக்கொண்டான். இறைவன் சினக்கவில்லை. இடுப்பில் கைவைத்தபடி அந்தச் செங்கல்லின்மீதே இன்றும் நிற்கிறான்.

மாத்திரை நேரம் பார்த்து, நடுங்கும் கையைத் தாங்கி, ஒரு வாய்க் கஞ்சி புகட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் இல்லத்தின் வாசலிலும் அந்தச் செங்கல் கிடக்கிறது. விட்டலன் காத்திருப்பான்.